வளரும் மூளையும் ஹார்மோன் குலைப்பான்களும்: சான்றுகள் எவ்வளவு வலுவானவை?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிப்பவள். எனக்கு இது கருவுற்ற பதினான்காவது வாரம். செய்தியைச் சொன்ன நாளிலிருந்து இரண்டு விதமான அறிவுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நெகிழிப் புட்டியில் தண்ணீர் குடித்தாலே குழந்தையின் மூளை கெட்டுவிடும் என்பது ஒரு தரப்பு. எல்லாம் வீண் பீதி, நாமெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம் என்பது மறுதரப்பு. இரு தரப்புமே காரணம் சொல்வதில்லை.

ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் வேதிப்பொருட்களை ஹார்மோன் குலைப்பான்கள் என்று இங்கே முன்பு ஒருவர் எழுதியிருந்தார். நானும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன். பெரியவர்களைப் பெரிதாகப் பாதிக்காத அளவு, கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை மட்டும் ஏன் பாதிக்க வேண்டும்? அப்படிப் பாதிக்கிறது என்பது மனிதர்களிடம் உண்மையிலேயே காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது எலிகளோடு நின்றுவிட்டதா? தவிர்க்க வேண்டிய பொருட்களின் பட்டியல் எனக்கு வேண்டாம். அப்படிப்பட்ட பட்டியல்கள் ஏழெட்டு கைவசம் உள்ளன, ஒன்றுக்கொன்று முரணாக.


சிறுமூளை:

நான் மூளை வளர்ச்சியை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். என் நாளின் பெரும்பகுதி எலிகளோடுதான் கழிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கும்.

உங்கள் முதல் கேள்விக்கான விடை, ஹார்மோன் என்பது வளர்ந்த மூளையில் ஒரு வேலையையும் வளரும் மூளையில் முற்றிலும் வேறொரு வேலையையும் செய்கிறது என்பதில் இருக்கிறது. 1959-இல் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய நால்வர் சினையாக இருந்த கினிப் பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பின், அவற்றுக்குப் பெண் ஹார்மோன்களைச் செலுத்தினாலும் பெண்ணுக்குரிய இனப்பெருக்க நடத்தை முழுமையாக வெளிப்படவில்லை. வளர்ந்த விலங்குகளுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தபோது அத்தகைய நிலையான மாற்றம் ஏற்படவில்லை. கட்டி முடித்த வீட்டில் விளக்கைப் போட்டு அணைப்பது ஒன்று. சுவர் எழும்போதே மின்கம்பிக்கான குழாயைப் பதிப்பது வேறொன்று. பதிக்க வேண்டிய வாரத்தில் குழாய் இடம் மாறிவிட்டால், பின்னர் எவ்வளவு மின்சாரம் வந்தாலும் அந்த மூலையில் விளக்கு எரியாது.

இதை மனிதருக்குக் கொண்டுவரும்போது பாலியல் ஹார்மோன்களைவிடத் தைராய்டு ஹார்மோனே உறுதியான அடிப்படை. கருவின் தைராய்டுச் சுரப்பி போதிய அளவில் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குவது ஏறத்தாழ கர்ப்பத்தின் நடுப்பகுதியில்தான். அதுவரை குழந்தையின் மூளைக்குக் கிடைப்பதெல்லாம் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் தைராக்சின் என்னும் தைராய்டு ஹார்மோன் மட்டுமே. அந்தத் தைராக்சினை, மூளையில் உள்ள ஆஸ்ட்ரோசைட்டு என்னும் துணைச் செல்கள் ஓர் அயோடின் அணுவை நீக்கி வீரியமுள்ள வடிவமாக மாற்றுகின்றன. அந்த வடிவம் நரம்பணுக்களின் உட்கருவுக்குள் சென்று எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. புதிதாகப் பிறந்த நரம்பணு பெருமூளைப் புறணியில் எந்த அடுக்குக்குப் போய்ச் சேர வேண்டும், எப்போது கிளை விட வேண்டும், நரம்பிழையின் மேல் கொழுப்புறை எப்போது படர வேண்டும் என்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கால அட்டவணை உண்டு. தவறவிட்ட வாரத்தை அடுத்த மாதம் ஈடுகட்ட முடியாது.

கடுமையான அயோடின் குறைபாடுள்ள பகுதிகளில் மனவளர்ச்சி பெரிதும் குன்றிய குழந்தைகள் பிறந்தது இதன் கடைக்கோடி நிலை. நடுத்தர நிலைக்கும் சான்று உண்டு: 1999-இல் ஹேடோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் தைராய்டுக் குறை இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகள், ஏழு முதல் ஒன்பது வயதில், ஒப்பீட்டுக் குழுவைவிட நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்தனர். அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர்க்கு வெளிப்படையான நோய் அறிகுறி இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே தாயின் தைராய்டு ஹார்மோனைக் குலைக்கும் எந்தப் பொருளையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.


எண்ணும் எழுத்தும்:

நண்பர் சிறுமூளை அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பள்ளத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டார். அவர் காட்டியவை அனைத்தும் ஹார்மோன் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கான சான்றுகள். அன்றாட அளவிலான வேதிப்பொருள் அந்த அளவுக்கு ஹார்மோனைக் குறைக்கிறது என்பதற்கான சான்று அவற்றில் இல்லை. நான் புள்ளியியல் துறையில் இருப்பவன்; மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடுவது என் தொழிலின் ஒரு பகுதி.

இத்துறையின் மனித ஆய்வுகளில் என்னை உறுத்துவன மூன்று. முதலாவது அளவீடு. கெட்டியான நெகிழியில் இருக்கும் பிஸ்பீனால் ஏ உடலுக்குள் போன சில மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் வெளியேறிவிடுகிறது. நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் போய்விடுகின்றன. ஒன்பது மாதக் கர்ப்பத்தில் ஒரே ஒரு நாள் எடுத்த சிறுநீரை வைத்து இந்தத் தாய் அதிகம் ஆட்பட்டவர், அந்தத் தாய் குறைவு என்று பிரிப்பது, ஒரு நாள் மழையை அளந்துவிட்டு அந்த ஊரின் பருவநிலையை எழுதுவதற்கு ஒப்பானது. இரண்டாவது, வருமானம், கல்வி, புகைப்பழக்கம், உணவு ஆகிய அனைத்தும் ஒருபுறம் வேதிப்பொருளோடும் மறுபுறம் குழந்தையின் தேர்வு மதிப்பெண்ணோடும் பிணைந்தவை. எவ்வளவு திருத்தினாலும் கொஞ்சம் மிஞ்சும். மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த சலிப்பைத் தருவது. பத்து வேதிப்பொருள், பத்து நடத்தை அளவுகோல், ஆண் பெண் எனத் தனித்தனிப் பகுப்பு என்று இருநூறு ஒப்பீடுகளைச் செய்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும், இருபதில் ஒன்று என்ற வழக்கமான வரம்பின்படி, பத்து முடிவுகள் 'முக்கியமானவை' என்று வந்து நிற்கும். ஓர் ஆய்வில் பெண் குழந்தைகளிடம் தெரிந்த விளைவு அடுத்த ஆய்வில் ஆண் குழந்தைகளிடம் மட்டும் தெரிவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

தைராய்டு வாதத்துக்கும் ஒரு மறுசான்று உண்டு. 2012-இல் லாசரஸ் குழுவினர் வெளியிட்ட பெரிய சோதனையில், கர்ப்பகாலத்தில் தைராய்டுக் குறை கண்டறியப்பட்ட பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தும், மூன்று வயதில் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவில் வேறுபாடு தெரியவில்லை. குறைபாடுதான் காரணம் என்றால், நிரப்பியபோது பலன் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?


சிறுமூளை:

கேள்வி நியாயமானது. கடைசியிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சோதனையில் மாத்திரை தொடங்கியது சராசரியாகப் பதின்மூன்றாம் வாரத்தில். தாயின் ஹார்மோனை மட்டுமே நம்பிக் கரு வளரும் காலத்தின் பெரும்பகுதி அதற்குள் கடந்துபோயிருக்கும். நான் வாரக் கணக்கில் வாதிடுவதே அதனால்தான். அதோடு, ஹார்மோன் கூடினாலும் கெடுதல்தான்: நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் நடந்த தலைமுறை ஆய்வில் 2016-இல் வெளியான முடிவின்படி, தாயின் தைராக்சின் மிகக் குறைவாக இருந்தபோதும் மிக அதிகமாக இருந்தபோதும் குழந்தையின் நுண்ணறிவு ஈவும் மூளையின் சாம்பல்நிறப் பொருளின் பருமனும் குறைந்திருந்தன. இந்த வாதம் சோதனையின் முடிவை முழுமையாக விளக்கிவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். முடிவு எனக்கும் நெருடலாகவே இருக்கிறது.

இனி அளவீட்டுச் சிக்கல் இல்லாத ஒரு வேதிப்பொருளைப் பார்ப்போம். பிசிபி எனப்படும் பாலிகுளோரினேற்றப்பட்ட பைபீனைல்கள் மின்மாற்றி எண்ணெயாகவும் வேறு பலவாகவும் பல பத்தாண்டுகள் பயன்பட்டவை. இவை கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் வெளியேறுவதில்லை. ஆகவே ஒரு முறை எடுத்த இரத்தமே நீண்ட கால நிலையைக் காட்டிவிடும். 1968-இல் ஜப்பானிலும் 1979-இல் தைவானிலும் அரிசித் தவிட்டு எண்ணெயில் இவை கலந்து ஆயிரக்கணக்கானோர் நஞ்சூட்டப்பட்டனர். தைவானில் அந்த எண்ணெயை உண்ட தாய்மார்களுக்குப் பின்னர் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, அவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் ஒப்பீட்டுக் குழுவைவிடத் தொடர்ந்து குறைவாகவே இருந்தன. நச்சு எண்ணெயைத் தாய் உண்டு முடித்துப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைகளுக்கும் இது பொருந்தியது.

அது விபத்து, அளவு பெரிது என்பீர்கள். சரி. மிச்சிகன் ஏரி மீனை உண்ட தாய்மார்களின் குழந்தைகளே பெரும்பான்மையாக இருந்த 212 பேரைப் பதினொரு வயதில் சோதித்து ஜேகப்சன் இணையர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், கருவில் மிக அதிகமாக ஆட்பட்ட குழந்தைகள் நுண்ணறிவு ஈவில் சராசரியாக 6.2 புள்ளிகள் குறைந்திருந்தனர். இதில் நச்சு விபத்து எதுவும் இல்லை. சாதாரண உணவு மட்டுமே.

வழிமுறையும் மர்மமானதன்று. பிசிபி மூலக்கூறு இரண்டு வளையங்களும் அவற்றைச் சுற்றிக் குளோரின் அணுக்களும் கொண்டது. தைராக்சினும் இரண்டு வளையங்கள், சுற்றிலும் அயோடின். உடலுக்குள் சிறிது மாற்றம் பெற்ற பிசிபி, இரத்தத்தில் தைராக்சினைச் சுமந்து செல்லும் புரதத்தில் அதன் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. அறைகலன் பஞ்சிலும் மின்னணுக் கருவிகளிலும் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்களுக்கும் ஏறக்குறைய அதே எலும்புக்கூடுதான். அவற்றில் சில 2009-இல், நீண்ட காலம் தங்கும் வேதிப்பொருட்களுக்கான ஸ்டாக்ஹோம் பன்னாட்டு உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

கணக்கைப் பற்றி ஒரே ஒரு சொல், அது உங்கள் துறை என்றாலும். அளவீடு கண்டபடி பிழைபட்டால் அது பெரும்பாலும் இருக்கும் தொடர்பை மங்கச் செய்யுமே தவிர, இல்லாத தொடர்பை உண்டாக்காது. விரைவில் வெளியேறும் பொருட்களுக்குக் கிடைத்த எண்கள் சிறியவை என்பதால், உண்மையான விளைவும் சிறியது என்று கொள்ள முடியாது.


மழைத்துளி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கொழுப்பில் தங்கும் என்றால் தாய்ப்பாலில் வருமே? என் மகளுக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன்.


கருவூலம்:

மழைத்துளி, வரும், ஆனால் நிறுத்தாதீர்கள். கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகச் செல்வதைவிடப் பாலில் செல்லும் பிசிபி அளவில் மிகவும் அதிகம். ஆயினும் மேலே சொன்ன அதே மிச்சிகன் ஆய்வில், குறைபாடு கருவறைக் காலத்து அளவோடுதான் தொடர்புபட்டிருந்தது. பால்வழி பெற்ற அளவோடு அன்று. அளவு கூடியும் விளைவு இல்லாததற்கு, மூளை அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டது ஒரு காரணமாகலாம், பாலில் உள்ள நல்லன ஈடுகட்டுவது இன்னொரு காரணமாகலாம். எப்படியானாலும் உங்கள் முடிவு மாறத் தேவையில்லை.

நான் வேதிப்பொருட்களின் நச்சுத்தன்மையை மதிப்பிடும் பணியில் இருந்தவன் என்பதால் மேலே நடக்கும் விவாதத்தில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். பிஸ்பீனால் ஏ என்றதும் ஏதோ தற்செயலாக ஹார்மோன் போல நடந்துகொண்ட நெகிழிப் பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு நேர்மாறானது. 1930-களில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் செயற்கை வடிவத்தைத் தேடிய டாட்ஸ் என்னும் பிரிட்டானிய வேதியியலாளர் 1936-லேயே அதன் ஈஸ்ட்ரோஜன் தன்மையை வெளியிட்டார். அதைவிட வீரியமான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலை 1938-இல் அவர் கண்டுபிடித்ததால், மருந்தாக அதுவே தேர்வாயிற்று. மருந்துப் போட்டியில் தோற்ற பொருள் 1950-களில் பாலிகார்பனேட்டு என்னும் கெட்டி நெகிழியின் மூலப்பொருளாக மறுபிறவி எடுத்தது. வென்ற மருந்து கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் இலட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, அவர்களின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971-இல் தெரியவந்தபோதுதான் கைவிடப்பட்டது. தாய்க்கு அந்தப் புற்றுநோய் வரவில்லை. கருவில் இருந்தவள் இருபது ஆண்டு கழித்து நோயுற்றாள். இளவேனில் கேட்ட முதல் கேள்விக்கு மனித வரலாற்றிலேயே இதைவிடத் தெளிவான விடை இல்லை, அது மூளையைப் பற்றியதாக இல்லாவிட்டாலும். மூளையைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு: அம்மருந்தை உட்கொண்ட பெண்களின் பேரக்குழந்தைகளிடம் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவதாக 2018-இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வொன்று தெரிவித்தது. ஒரே ஓர் ஆய்வை வைத்து நான் பெரிதாகப் பேசமாட்டேன்.

பிஸ்பீனால் ஏ குழந்தைகளின் பால்புட்டியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-லும் அமெரிக்காவில் 2012-லும் விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தவற்றுள் ஒன்று பிஸ்பீனால் எஸ். பெயரைப் பார்த்தாலே உறவு தெரிகிறது. 2015-இல் கனடாவில் வரிக்குதிரை மீன் கருக்களை மிகச் சிறிய அளவுகளில் இவ்விரண்டுக்கும் ஆட்படுத்தியபோது, மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் நரம்பணுக்கள் உரிய காலத்துக்கு முன்பே பிறந்தன. கூடுதல், பிஸ்பீனால் ஏ-யில் 180 விழுக்காடு, மாற்றாக வந்த எஸ்-இல் 240 விழுக்காடு. மீன்கள் பின்னர் அளவுமீறித் துறுதுறுவென்று நீந்தின. 'பிஸ்பீனால் ஏ இல்லாதது' என்று மேலட்டையில் அச்சிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எண்ணும் எழுத்தும் அவர்களே, உங்கள் மூன்றாவது குறைக்கு ஓரளவு விடையளிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. சுவீடனில் கர்ப்பிணிகளைப் பின்தொடரும் செல்மா ஆய்வில், முப்பது மாத வயதில் ஐம்பது சொற்களுக்கு மேல் பேசாத குழந்தைகளின் தாய்மார்களிடம் சில தாலேட்டுகள் கூடுதலாக இருந்தன. அமெரிக்காவில் தனியாக நடந்த இன்னோர் ஆய்விலும் அதே திசையில் முடிவு வந்தது. 2018-இல் இரண்டும் ஒரே கட்டுரையில் வெளியாயின. அதோடு நிற்காமல், மொழித் தாமதத்தோடு தொடர்புபட்ட வேதிப்பொருட்களை, அந்தப் பெண்களின் உடலில் இருந்த அதே விகிதத்தில் கலந்து, ஆய்வகத்தில் வளர்த்த மனித மூளைத் திசு உருண்டைகளுக்கும், தவளைத் தலைப்பிரட்டைகளுக்கும், மீன்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அதன் முடிவில், மனிதர்களிடம் காணப்படும் அளவுகளிலேயே தைராய்டு சார்ந்த மரபணுக்களும் நரம்பு வளர்ச்சிக்கான மரபணுக்களும் நிலைகுலைந்தன. இருநூறு ஒப்பீடுகளில் தற்செயலாக வந்த ஒன்று, இத்தனை உயிரிகளிலும் அதே திசையில் தற்செயலாக வராது.

சட்டங்களோ இன்னும் ஒரு தடவைக்கு ஒரு பொருள் என்ற முறையில்தான் சோதிக்கின்றன. வளர்ச்சிக்கால நரம்பு நச்சுத்தன்மைக்கென்று பன்னாட்டு அளவில் ஒப்புக்கொண்ட சோதனை வழிகாட்டி 2007 முதல் இருந்தும், சந்தையில் உள்ள பொருட்களில் மிகச் சிலவே அதைக் கடந்து வந்தவை. நான் பணியில் இருந்த காலத்தில் தாய் எலியின் எடையையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் பார்த்துக் கோப்பை மூடிய நாட்கள் அதிகம். குட்டியின் மூளையைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.


எண்ணும் எழுத்தும்:

2022 ஆய்வு நல்ல ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். பிசிபி பற்றிய என் ஐயமும் அவ்வளவு பெரிதன்று. அளவீட்டுப் பிழை தொடர்பை மங்கச் செய்யும் என்பதும் பொதுவாகச் சரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பிழை கண்டபடி இருக்க வேண்டும். சிறுநீரில் தாலேட்டு கூடுதலாக இருக்கும் நாள், பொட்டலத் துரித உணவை உண்ட நாளாகவும் இருந்தால், அது கண்டபடியான பிழை ஆகாது. உணவின் விளைவு நெகிழியின் கணக்கில் ஏறிவிடும்.

பிஸ்பீனால் ஏ-யில் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் ஏற்கத்தக்க தினசரி அளவை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இதை மூளைக்கான சான்றாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த முடிவுக்கு அடிப்படை எலிகளின் நோயெதிர்ப்புச் செல்களில் கண்ட மாற்றம், மூளை அன்று. அதையும் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் ஏற்கவில்லை.

ஆனால் '5 புள்ளிகள்தானே, அதனால் என்ன' என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு குழந்தையிடம் ஐந்து புள்ளி என்பது தேர்வு நாளின் தூக்கக்கலக்கத்தில் மறைந்துவிடும் வேறுபாடுதான். ஒரு இலட்சம் குழந்தைகளின் சராசரி 100-லிருந்து 95-க்கு நகர்ந்தால் என்ன ஆகும் என்று வழக்கமான மணிவடிவப் பரவலை வைத்துப் போட்டுப் பாருங்கள். 70-க்குக் கீழ் இருப்போர் ஏறத்தாழ 2,300-லிருந்து 4,800 ஆகிறார்கள். 130-க்கு மேல் இருப்போர் 2,300-லிருந்து 1,000-க்குச் சுருங்குகிறார்கள். நடுவில் நிற்பவர் எவருக்கும் ஒன்றும் தெரியாது. ஓரங்களில்தான் கணக்கு தலைகீழாகிறது. 'நாமெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்' என்ற வாதம் பொருளற்றது என்பதற்கு எனக்குப் போதுமான காரணம் இதுதான்: தன் இழப்பைத் தானே பார்க்க ஒருவரிடம் கருவி இல்லை.


நிலாமுற்றம்:

இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. அவன் வயிற்றில் இருந்தபோது நான் நெகிழிப் பெட்டியில்தான் உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். புதிதாக வண்ணம் பூசிய வீட்டில்தான் இருந்தோம். நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது எந்த வாரத்தில் என்ன செய்தேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன். நேரடியாகக் கேட்கிறேன்: நான்தான் காரணமா?


சிறுமூளை:

இல்லை, அம்மா. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

ஐந்து நாடுகளில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் யாருக்கு வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மரபுவழிக் காரணிகளே விளக்குகின்றன என்று மதிப்பிட்டது. ஹார்மோன் குலைப்பான்களையும் ஆட்டிசத்தையும் இணைக்கும் ஆய்வுகள் உள்ளன, ஆனால் அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இந்த இழையில் பேசிய தைராய்டு, பிசிபி சான்றுகளின் அருகில்கூட அவை வரமாட்டா. அதைவிட முதன்மையானது வேறு. நாங்கள் இங்கே பேசும் எண்கள் எல்லாம் ஆயிரம் குழந்தைகளின் சராசரி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்பவை. அந்த ஆயிரத்தில் ஒரு குழந்தையைச் சுட்டி, இவனுக்கு இதனால் என்று சொல்லும் ஆற்றல் அந்த எண்களுக்கு இல்லை. பின்னோக்கி நடத்தும் அந்த விசாரணைக்குச் சான்று என ஒன்று இருக்கவே முடியாது. அப்படியொரு சான்று தன்னிடம் இருப்பதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் எதையோ விற்கிறார்.


எண்ணும் எழுத்தும்:

மேலே உள்ளதை முழுமையாக வழிமொழிகிறேன். நிலாமுற்றம், வாரங்களை எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். வாரக் கணக்கு எங்களைப் போன்றவர்களின் வேலை.


இளவேனில்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள்: தைராய்டு வழி உறுதியானது, நீண்ட காலம் தங்கும் பொருட்களுக்கு மனிதச் சான்று நன்றாக உள்ளது, விரைவில் வெளியேறுபவற்றுக்கு நடுத்தரமான சான்று, பாலியல் ஹார்மோன் வழியை மனித மூளைக்கு நேரடியாகக் கொண்டுவர முடியாது. இதில் நான் செய்யக்கூடியது என்று ஏதாவது உண்டா? பட்டியல் வேண்டாம் என்று சொன்னவள் நானே கேட்கிறேன்.


கருவூலம்:

சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். விரைவில் வெளியேறுபவை என்பது நமக்குச் சாதகமான செய்தியும் ஆகும்: உள்ளே விடுவதை நிறுத்தினால் சில நாட்களில் குறைந்துவிடும். 2011-இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாட்கள், நெகிழி படாத புதிய உணவை மட்டும் கொடுத்தபோது, சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது. இதைக் கேட்டு உற்சாகமாகிவிட வேண்டாம். சில ஆண்டுகளில் வேறொரு குழு இதேபோல் முயன்றபோது, ஒரு வகைத் தாலேட்டு குறைவதற்குப் பதிலாகப் பல மடங்கு ஏறிவிட்டது. குழம்பிப்போய் உணவுப் பொருட்களைச் சோதித்தால், கொத்தமல்லித் தூளிலும் பாலிலும் அது இருந்தது. கண்ணாடிப் புட்டிக்கு மாறியவர்களால், அரைவை ஆலையின் குழாயை மாற்ற முடியாது. தனிமனித எச்சரிக்கையின் எல்லை அவ்வளவுதான்.

ஆகவே என் அறிவுரை சுருக்கமானது. நெகிழியில் உணவைச் சூடாக்காதீர்கள். தீத்தடுப்புச் சேர்மங்கள் வீட்டுத் தூசியில்தான் தங்குகின்றன என்பதால் தரையை ஈரத்துணியால் துடையுங்கள், உண்ணும் முன் கையைக் கழுவுங்கள். இவற்றைவிட முதன்மையானது அயோடின். தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வாசலை அடைக்கும் பெர்குளோரேட்டு போன்ற பொருட்கள் தண்ணீரிலும் உணவிலும் உண்டு. அயோடின் போதுமான அளவு இருக்கும் உடலில் அந்தக் குறுக்கீட்டைத் தாங்கும் இடம் இருக்கிறது, ஏற்கெனவே குறைவாக இருக்கும் உடலில் இல்லை. கர்ப்பிணிகளுக்கு நாள் ஒன்றுக்கு 250 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதிகமானாலும் கெடுதல் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தனியாக மாத்திரை எதையும் தொடங்க வேண்டாம்.


இளவேனில்:

மிக்க நன்றி. தைராய்டுச் சோதனை பத்தாம் வாரத்தில் எடுத்தபோது இயல்பாக இருந்தது. வரும் வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன். சிறுநீரில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்றும் ஒரு சோதனை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.


எண்ணும் எழுத்தும்:

கேட்பதற்கு முன் ஒன்று. பிஸ்பீனாலுக்கு நான் சொன்ன அதே குறை இதற்கும் உண்டு. நேற்று உண்டதைப் பொறுத்துச் சிறுநீர் அயோடின் ஏறி இறங்கும். நூறு பெண்களின் நடு அளவைக் கொண்டு அந்தச் சமூகத்துக்குப் போதுமான அயோடின் கிடைக்கிறதா என்று சொல்லலாம், ஒரு பெண்ணின் ஒரு நாள் சிறுநீரை வைத்து அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் பயன்படுத்துவது அயோடின் சேர்த்த உப்புதானா, கர்ப்பகாலத்துக்கென்று எழுதித் தந்த சத்து மாத்திரையில் அயோடின் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பல மாத்திரைகளில் அது இருப்பதில்லை.